வாஷிங் மெஷினில் சாலட் இலைகளின் ஈரத்தை வடிக்க நினைப்பவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர் குத்தகை நிலத்தில் லெட்யூஸ், ராக்கெட், மிசுனா, இளம்பசலை ஆகிய சாலட் இலைகளைப் பயிரிட்டு, குன்னூரிலும் கோயம்புத்தூரிலும் உள்ள சில ஓட்டல்களுக்குக் கொடுத்து வருகிறேன். இந்த இலைகளைப் பயிரிடுவதைவிட அறுவடைக்குப் பிந்தைய இரண்டு மணி நேரம்தான் கடினமானது. மண்ணும் பூச்சியும் போக இரண்டு தண்ணீரில் அலசியாக வேண்டும். அலசிய இலையை ஈரத்தோடு பையில் அடைத்தால், மேட்டுப்பாளையம் வரையிலான 33 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடந்து ஓட்டலின் குளிரறைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே அடியில் உள்ள இலைகள் கொழகொழவென்று ஆகிவிடும். துணியில் பரப்பிக் காய வைத்தால் ஈரம் போகும் வேகத்திலேயே இலை வாடும். வீட்டில் கையால் சுற்றும் சாலட் வடிப்பானில் ஒரு முறைக்குக் கால் கிலோ இலைகூடக் கொள்ளாது. ஓட்டல் சமையலறைகளுக்கென்று விற்கும் மின்சார வடிப்பானுக்கு எனக்குக் கிடைத்த விலைப்பட்டியல் ஒன்றேகால் லட்சம் ரூபாய். அந்த ஆண்டு என்னிடம் அவ்வளவு பணம் இல்லை.

அமெரிக்காவில் சிறு கீரைப் பண்ணைக்காரர்கள் பலர், மேலே மூடி திறக்கும் வீட்டு வாஷிங் மெஷினைப் பிழிவதற்கு மட்டும் பயன்படும்படி மாற்றி, அதில் சாலட் இலைகளின் நீரை வடிக்கிறார்கள் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அங்குள்ள வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு இதைப் பற்றிப் பண்ணைக்காரர்களுக்கு வழிகாட்டிக் குறிப்புகளே எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்புகள் அந்த நாட்டு இயந்திரங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் கிடைக்கும் இயந்திரத்தின் உள்ளமைப்பு வேறு, இங்குள்ள மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான வேலையும் வேறு. இதைச் செய்து பார்த்த ஒருவரைக்கூட என்னால் இந்த மலையில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏறக்குறைய நாற்பதாயிரம் ரூபாயும் ஒரு பருவத்தின் பெரும்பகுதியும் செலவழித்த பிறகு எனக்குத் தெரிய வந்தவற்றை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கைக்குக் கிடைத்தது இரட்டைத் தொட்டி கொண்ட செமி ஆட்டோமேட்டிக் இயந்திரம். பழுது பார்க்கும் கடையில் இருந்ததை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். துவைக்கும் தொட்டியைத் தொடவே வேண்டாம், பிழியும் தொட்டி தனியாக இருக்கிறது, திருகினால் சுற்றும், வேறு எந்த மாற்றமும் தேவையில்லை என்று கடைக்காரர் சொன்னார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, வலைப் பையில் லெட்யூஸைப் போட்டு இரண்டு நிமிடம் சுற்றவிட்டேன். வெளியே எடுத்தபோது இலை அழகாக உலர்ந்திருந்தது, மனம் குளிர்ந்துபோனது. மறுநாள் காலையில் குளிர்பெட்டியைத் திறந்தபோது இலைகளின் நடு நரம்பு நெடுகக் கண்ணாடி போன்ற ஈரத் தடம் ஓடியிருந்தது. ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. ராக்கெட் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சைச் சாறு விட்டிருந்தன. நசுங்கிய இலை நசுங்கிய உடனே அதைக் காட்டாது. உள்ளே உடைந்த செல்களின் சாறு கசிந்து, காற்றுப் பட்டுப் பழுக்க ஒரு நாள் ஆகிறது. ஆகவே எந்த இயந்திரத்தை முயன்றாலும், சுற்றிய இலையைக் குளிரில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்த்த பிறகே ஓட்டலுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யுங்கள்.

இதன் காரணத்தைக் கணக்கில் பார்த்துவிடலாம். தொட்டியின் ஆரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு, அது நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளின் வர்க்கத்தால் பெருக்கி, 900-ஆல் வகுத்தால், தொட்டிச் சுவரில் இலை எத்தனை மடங்கு எடையோடு அழுத்தப்படுகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். இரட்டைத் தொட்டி இயந்திரத்தின் பிழியும் தொட்டி சிறியது, ஆனால் வேகம் அதிகம். 12 சென்டிமீட்டர் ஆரம், 1,300 சுற்று என்று வைத்துக்கொண்டால் விடை 225 மடங்கு. சுவரை ஒட்டியிருக்கும் இலையின் மேல் அதற்கு உள்பக்கமாக இருக்கும் அத்தனை இலையும் இருநூற்றுச் சொச்ச மடங்கு எடையோடு ஏறி உட்காருகிறது. துணிக்கு இது பொருட்டல்ல, லெட்யூஸ் தாங்காது. ஒற்றைத் தொட்டி கொண்ட மேல்மூடி இயந்திரத்தில் ஆரம் 22 சென்டிமீட்டர், வேகம் 700 சுற்று என்றால் 120 மடங்கு வரும், அதுவும் அதிகம்தான். வேகம் பாதியானால் அழுத்தம் கால் பங்காகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது மிகவும் உதவும்.

அடுத்து, பயன்படுத்திய ஃபுல்லி ஆட்டோமேட்டிக் இயந்திரம் ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி கண்ணாடியாக மின்னியது. வெந்நீரும் சோடாவும் விட்டுப் பலமுறை ஓட்டிக் கழுவிய பிறகே இலையைப் போட்டேன். அதன் பேனலில் பிழிவதை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தது. தொட்டி முழு வேகத்தை எட்டும் முன்பே நிறுத்திவிட்டால் இலை நசுங்கவில்லை. சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே போயின. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அனுப்பிய சரக்கு முழுவதையும் ஓட்டல் ஒன்று திருப்பி அனுப்பியது. இலையில் சோப்பு வாசம் வருகிறது என்று அவர்களுடைய சமையல்காரர் எழுதியிருந்தார். 9,400 ரூபாய்ச் சரக்கு அது. பையைத் திறந்து முகர்ந்து பார்த்தேன், அவர் சொன்னது உண்மை. துணி ஊற வைத்த வாளியின் வாசம் லேசாக, ஆனால் தெளிவாக வந்தது. அந்த ஓட்டல் அதன் பிறகு நெடுநாள் என்னிடம் இலை வாங்கவில்லை. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் போனதைவிட, அதற்கு முந்தைய வாரங்களில் இதே இயந்திரத்திலிருந்து போன இலையை யார் யார் சாப்பிட்டார்களோ என்ற பயம்தான் என்னை வாட்டியது.

மறுநாள் மெக்கானிக் தம்பியை வரவழைத்து இயந்திரத்தை முழுவதும் பிரிக்கச் சொன்னேன். நமக்குத் தெரிவது துளைகள் கொண்ட உள் தொட்டி மட்டுமே. அதற்கு வெளியே, நீரைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குள் கையோ பிரஷோ நுழையாது. உள் தொட்டியைத் தூக்கி எடுத்தபோது அதன் வெளிப்புறம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் வழவழப்பான பிசுக்கு படிந்திருந்தது. விரலால் வழித்தபோது தயிர் ஏடு போலத் திரண்டு வந்தது. பல ஆண்டுச் சோப்பு, உடல் அழுக்கு, நூல் துணுக்கு, பூஞ்சை எல்லாம் அதில் இருந்தன. பிழியும்போது துளைகள் வழியாக வெளியே போகும் நீர் இந்தப் பிசுக்கின் மேல் அடித்து, அதில் ஒரு பங்கு நுண்துளிகளாக எழும்பி மீண்டும் உள்ளே வருகிறது. வாசம் இலைக்கு வந்த வழி இதுதான். வாசத்தோடு கிருமியும் வரும். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பைகளில் அடைத்து விற்ற இளம்பசலையில் ஈ.கோலை ஓ157 கிருமி கலந்து, ஏறத்தாழ 200 பேர் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். அந்த மாசு வேறு வழியில் வந்தது என்றாலும், சமைக்காமல் உண்ணும் இலை என்பதால் இடையில் ஏறிய கிருமியைக் கொல்ல அடுப்பு இல்லை என்பது அங்கும் இங்கும் ஒன்றுதான். லிஸ்டீரியா என்ற கிருமியோ குளிர்பதனப் பெட்டியிலும் பெருகக் கூடியது.

ஆகவே என் முதல் அறிவுரை இதுதான்: துணி துவைத்த இயந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பழைய இயந்திரத்தைக் கழுவிச் சுத்தமாக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் அந்த உள் தொட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். புதிய இயந்திரத்திலும் எல்லா மாடலும் ஆகாது. உள் தொட்டியைச் சாதாரணக் கருவிகளைக் கொண்டே கழற்ற முடிகிறதா என்று வாங்கும் முன்பே ஒரு மெக்கானிக்கிடம் கேளுங்கள். உள் தொட்டி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். அதன் மேல் விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் வளையத்துக்குள், ஆட்டத்தைக் குறைப்பதற்காக உப்புக் கரைசலை அடைத்திருப்பார்கள். அதில் விரிசல் கண்டால் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. அடிமட்ட மாடல் 7 கிலோ இயந்திரம் ஒன்றை 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். திறந்து மாற்றிய அன்றே வாரண்டி போய்விடும் என்பதால், கூடுதல் வசதிகளுக்குப் பணம் கொடுப்பதில் பொருள் இல்லை. புதியதிலும் தொழிற்சாலையில் சோதித்த நீரும் எண்ணெய்ப் படலமும் இருக்கக்கூடும், ஆகவே கழற்றித் தேய்த்துக் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள்.

மாற்றும் வேலையில் மெக்கானிக்குகள் தடுக்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. பேனல் போர்டை எடுத்துவிட்டு மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுத்தால், அடியில் உள்ள சுழற்றி மட்டும் மெதுவாகச் சுற்றும், தொட்டி அசையாமல் நிற்கும். கிளட்ச் போய்விட்டது, கியர் பாக்ஸை மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் எனக்குச் சொன்னார்கள். அதில் எந்தப் பழுதும் இல்லை. இந்த வகை இயந்திரத்தில் டிரெயின் மோட்டார் என்ற சிறு மோட்டார் ஒரு கம்பியை இழுக்கும்போதுதான் கழிவுநீர் வால்வு திறப்பது, பிரேக் விடுபடுவது, கிளட்ச் தொட்டியோடு சேர்வது மூன்றும் நடக்கின்றன. ஆகவே முதலில் டிரெயின் மோட்டாருக்கு மின்சாரம் போக வேண்டும், அது இழுத்து முடிக்கச் சில விநாடிகள் விட்டு, அதன் பிறகு பெரிய மோட்டாருக்குப் போக வேண்டும். டிரெயின் மோட்டாரின் மின்னழுத்தம் மாடலுக்கு மாடல் மாறும், அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்த பிறகே இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். சில விநாடி தாமதித்து மின்சாரம் கொடுக்கும் டைமர் ரிலே என்ற கருவி இந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும். போர்டில் பிழிவதை மட்டும் ஓட்டும் வசதி இருந்து, குறைந்த வேகமும் வைக்க முடிந்தால் இந்த வேலை எதுவுமே தேவையில்லை, போர்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

மூடியின் ஸ்விட்ச் பற்றி மெக்கானிக் தம்பியோடு நெடுநேரம் வாதாட வேண்டியிருந்தது. "அக்கா, லிட் ஸ்விட்சை ஷார்ட் பண்ணிடலாம், அடிக்கடி திறந்து மூடுறீங்க, அது சீக்கிரம் போயிடும்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்களிடம் வேலை செய்யும் அக்கா புடவைத் தலைப்போடு அந்தத் தொட்டிக்கு மேல் குனிகிறவர். மூடி திறந்த கணமே மோட்டார், டிரெயின் மோட்டார் இரண்டுக்கும் மின்சாரம் நின்றுவிடும்படி அந்த ஸ்விட்சை இரண்டுக்கும் முன்னால் வைக்கச் சொன்னேன். டிரெயின் மோட்டார் விட்டவுடன் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும், தொட்டி சில நொடிகளில் நின்றுவிடும். ஸ்விட்ச் பழுதானால் புதியது வாங்க ஆகும் செலவு ஒரு விரலோடு ஒப்பிடத் தக்கதல்ல. இயந்திரம் நிற்கும் தளம் எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதால், முறையான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இல்லாமல் ஓட்ட வேண்டாம். மோட்டாரோடு இருக்கும் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிர்ச்சி கொடுக்கக் கூடியது, அதை நாமே தொடாமல் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டர் போடலாம் என்று இருவர் யோசனை சொன்னார்கள். இந்த மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பொறுத்தது. ரெகுலேட்டர் போட்டால் வேகம் ஒழுங்காகக் குறையாது, இழுவை குறைந்து மோட்டார்தான் சூடேறிக் கெடும். கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில், மோட்டாரின் புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தை, ஐந்தில் மூன்று பங்கு விட்டத்துக்குப் புதிதாகக் கடைந்து வாங்கி மாட்டினேன். 700 சுற்று 420 ஆயிற்று, அழுத்தம் 120 மடங்கிலிருந்து 43 மடங்குக்கு இறங்கியது. மோட்டாரைப் பிடிக்கும் போல்ட் துளைகள் நீள்வடிவில் இருப்பதால், மோட்டாரைச் சற்று நகர்த்தி பெல்ட்டை மீண்டும் இறுக்கிக்கொள்ள முடிந்தது. புல்லி, டைமர், ஆர்சிசிபி, கூலி எல்லாம் சேர்த்து 4,700 ரூபாய் ஆனது. இந்தப் பணத்தில் எனக்கு மிகுந்த பயன் தந்தது அந்தப் புல்லிதான்.

இலையைப் போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. தொட்டிக்குள் நேராகக் கொட்டினால் துளைகளில் இலை மாட்டிக் கிழியும், அடியில் சுழற்றிக்கும் தொட்டிக்கும் இடையே துணுக்குகள் சிக்கி அழுகும். வலைப் பைகளை இரண்டு அல்லது நான்காக எதிரெதிரே, ஏறக்குறைய ஒரே எடையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி தூக்கியடிக்கும். ஒரு பையில் ஒரு கிலோவுக்கு மேல் நான் வைப்பதில்லை. பைகளை நாள்தோறும் துவைத்துக் காய வைக்க வேண்டும், மாற்றுக்கு இன்னொரு செட் இருந்தே ஆக வேண்டும். எத்தனை நேரம் சுற்றுவது என்பதைத் தராசு சொல்லும். அலசும் முன் எடை போடுங்கள், சுற்றிய பின் மீண்டும் போடுங்கள். பழைய எடையை விடச் சற்றே கூடுதலாக இருக்கும்போது நிறுத்திவிடலாம். பழைய எடைக்கும் கீழே போனால் இலையின் சாறே வெளியேறத் தொடங்கிவிட்டது என்று பொருள். என் இயந்திரத்தில் லெட்யூஸுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தேவைப்படுவதில்லை, கேல் என்ற தடித்த கீரை இரண்டு நிமிடம் வரை தாங்கும், ராக்கெட்டையும் மிசுனாவையும் அரை நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன். துளசி வகைகளை இதில் போடுவதே இல்லை, அவை தொட்டாலே கறுக்கும். விடியற்காலையில் அறுத்துக் குளிர்ந்த ஊற்று நீரில் அலசிய இலை, வெயிலேறிய பிறகு அறுத்த இலையைவிடக் குறைவாகவே நசுங்குகிறது.

சுத்தம் செய்வதை அன்றாட வேலை, மாத வேலை என்று பிரித்திருக்கிறேன். நாள்தோறும் வேலை முடிந்ததும் துணுக்குகளைப் பொறுக்கி, தொட்டியைச் சோப்பு நீரால் தேய்த்து, நல்ல நீரில் அலசிய பிறகே குளோரின் கரைசலை விட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அழுக்கோடு சேர்ந்து தன் வலுவை இழந்துவிடும். ஐந்து சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச்) என்றால் லிட்டருக்கு 4 மில்லி கலந்தால் 200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு, வரும். வாசனை சேர்த்த பிளீச்சை வாங்காதீர்கள், திறந்து நாளான பாட்டிலை நம்பாதீர்கள், வினிகரையோ வேறு அமிலத்தையோ இதோடு கலக்கவே கூடாது. பிறகு ஈரம் நிற்காதபடி ஒரு முறை வெறுமனே சுற்றிவிட்டு, மூடியைத் திறந்தே வைக்கிறேன். மாதம் ஒரு முறை உள் தொட்டியைக் கழற்றி வெளித் தொட்டியையும் தேய்த்துக் கழுவுகிறோம், அதற்கு அரை நாள் போகும். இந்த அரை நாளைச் செலவிட மனமில்லாதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். கழிவுநீர்க் குழாயின் முனை சாக்கடைத் துளைக்குள் நுழையாமல் அதற்குச் சற்று மேலே நிற்க வேண்டும், இல்லையெனில் அங்குள்ள அழுக்கு நீர் ஏறி வரக்கூடும். மலையில் எலித் தொல்லை அதிகம் என்பதால், திறந்திருக்கும் அடிப்பகுதியை எஃகு வலையால் மூடியிருக்கிறோம்.

இலையைத் திருப்பி அனுப்பிய ஓட்டலுக்கு, புதிய இயந்திரத்தை எப்படி வைத்திருக்கிறேன் என்று விவரமாக எழுதி, நேரில் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவர்களுடைய கொள்முதல் அலுவலர் வந்தபோது உள் தொட்டியைக் கழற்றியே காட்டினேன். சுத்தம் செய்த தேதிகளை எழுதி வைத்திருக்கும் நோட்டை அவர் பக்கம் பக்கமாகப் படித்தார். வாரத்துக்கு ஐந்து கிலோவில் மீண்டும் தொடங்கினார்கள், இப்போது பன்னிரண்டு கிலோ எடுக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையின்போது மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் இன்னும் முழுமையான வழி கிடைக்கவில்லை. என்னிடம் உள்ள இன்வெர்ட்டரால் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடியவில்லை. அந்த நாள்களில் இலையை அலசாமலே அறுத்துக் குளிர்பெட்டியில் அடுக்கி, அலசாதது என்று பெட்டியின் மேல் எழுதி அனுப்புகிறேன், விலையில் கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைத்துக்கொள்கிறார்கள்.